யாருடைய வலது என்று கேட்டவருக்கு

எங்கள் உடற்கூறியல் துறையின் தலைவியே! இரு கைகளிலும் சுண்ணக்கட்டி பிடித்து, ஒரே வீச்சில் இரண்டு நுரையீரல்களையும் கரும்பலகையில் மூச்சுவிடச் செய்தவரே! தசையின் பெயரை மறந்த மாணவனைத் திட்டாமல், அந்தத் தசையாலேயே நாற்காலியைத் தூக்கவைத்து, மறுநாள் வலியோடு அதன் பெயரையும் அவன் நினைவில் நிறுத்தியவரே! எலும்பைக் கையில் எடுக்கும் முன் கைகழுவச் சொன்னவரே, திரும்ப வைத்த பின் நன்றி சொல்லச் சொன்னவரே! உடல்தானம் தந்து மேசையில் இருப்பவரை ஒருநாளும் 'அது' என்று சொல்லாதவரே, எங்களையும் சொல்ல விடாதவரே! உங்களை வணங்கி இந்த மடலை வாசிக்கிறோம்.

இன்னும் ஒரு பக்கத்துக்கு 'வரே' எழுதித்தான் வைத்திருந்தோம். ஒத்திகையைக் கேட்டுக்கொண்டிருந்தார் சாவி அண்ணன். இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க நம் துறையைத் தினமும் திறந்து மூடுபவர். "போதும்ங்க. இதுக்கு மேல புகழ்ந்தா மேடம் எழுந்து போயிடுவாங்க. அப்புறம் பூச்செண்டை நாற்காலிக்கிட்டதான் குடுக்கணும்" என்றார். அவர் பேச்சைத் தட்ட முடியுமா? சாவி அவரிடம் இருக்கிறது.

ஆகவே புகழ்மாலையை அங்கேயே நிறுத்திவிட்டு, நடந்ததைச் சொல்கிறோம்.

இந்த விழாவை விருந்தினர் அரங்கில் வைக்கலாம் என்று முதல்வர் சொன்னார். நீங்கள்தான் இந்தப் படிக்கட்டு வகுப்பறையே போதும் என்றீர்கள். நல்லதாயிற்று. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உங்கள் குரல் ஏறி இறங்கிய மரப்படிகள் இவை. பக்கத்து அறையிலிருந்து கசியும் ஃபார்மலின் நெடியிடம் பூச்செண்டின் மணம் இன்று காலையிலேயே தோற்றுவிட்டது. வந்திருக்கும் விருந்தினர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். பிரிவுத் துயரம் என்று நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

மாணவர்கள் உங்களுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். உங்களுக்குத் தெரியாது என்று நினைத்திருக்கிறார்கள். உங்களுக்குத் தெரியும் என்பது எங்களுக்குத் தெரியும். "யாரோட மேடம்."

வகுப்பில் எழுந்து நின்று ஒரு பிள்ளை, "கல்லீரல் வலது பக்கம் இருக்கு மேடம்" என்பான். உடனே கேட்பீர்கள்: "யாரோட வலது?" அவன் விழிப்பான். தன் வலது கையைப் பார்ப்பான், மேசையைப் பார்ப்பான், பக்கத்தில் இருப்பவனைப் பார்ப்பான். மேசையில் படுத்திருப்பவரை எதிரே நின்று பார்க்கிறவனுக்கு, அவருடைய வலது இவனுடைய இடது. மருத்துவத்தில் வலது என்றால் எப்போதும் படுத்திருப்பவரின் வலதுதான், நின்று பார்ப்பவரின் வலது அல்ல. இதைச் சொல்வதற்கு ஒரு வரி போதும். உடம்பில் ஏற்றுவதற்கு ஓர் ஆண்டு வேண்டும் என்பது உங்கள் கட்சி.

பழைய மாணவர் ஒருவர், இன்று பெயர் பெற்ற எலும்பு மருத்துவர், எங்களிடம் தொலைபேசியில் சொன்னார்: "முழங்கால் ஆபரேஷனுக்குக் கத்தியை எடுக்கிறதுக்கு முன்னாடி, இப்பவும் காதுக்குள்ள அந்தக் குரல் கேக்கும். யாரோட வலது? நானும் நின்னு ஒரு தடவை பார்த்துக்குவேன். நர்ஸ் எல்லாம் நான் சாமி கும்பிடறதா நினைச்சுக்கறாங்க."

ஆனால் அம்மா, உடற்கூறியல் தெரியாதவர்கள் உங்களோடு வாழ்வது எளிதல்ல. உங்கள் கணவர், கண்ணாடிக் கடைக்காரர், இதோ முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார். விழாவுக்கு அழைக்கப் போனபோது கொட்டித் தீர்த்துவிட்டார். "கார்ல போறப்ப வலது பக்கம் திரும்புங்கன்னு சொல்லுவா. திரும்பினா, அந்த வலது இல்லீங்க, கடையோட வலதுன்னுவா. கடைக்கு ஏதுங்க வலது? கடையா கார் ஓட்டுது?" என்றார். "நாள் பூரா கண்ணாடி விக்கிறவன் நான். வலது இடது மாறித் தெரியறதுதான் என் பொழைப்பே. எனக்கே தலை சுத்துது."

மின்பணியாளருக்கு நேர்ந்ததும் அதுதான். அறையின் வலது பக்க விளக்கு எரியவில்லை, மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டீர்கள். நல்லபடியாக எரிந்துகொண்டிருந்த விளக்கை அவர் கழற்றிவிட்டார். அறை என்பது வாசல் பக்கம் கால் நீட்டி மல்லாந்து கிடக்கும் ஓர் உடல் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அன்று பிற்பகல் முழுவதும் கைவிளக்கு வெளிச்சத்தில் மணிக்கட்டு எலும்புகளைப் படித்தோம். நன்றாகத்தான் இருந்தது.

துறையின் குழுப் படத்துக்குக் கீழே 'இடமிருந்து வலமாக' என்று போட்டதற்கு, யாருடைய இடமிருந்து என்று அரை நாள் விவாதம் நடந்தது. கடைசியில் பெயர் இல்லாமலே படத்தை மாட்டினோம். இன்றும் அப்படியேதான் தொங்குகிறது.

உங்கள் பாடமுறைகளை இங்கே வரிசையாகப் பட்டியலிடப் போவதில்லை. ஒன்றிரண்டைச் சொல்லாமல் விடவும் மனமில்லை. கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புப் பின்னலைப் புத்தகத்தில் பார்த்தால் யாரோ கோபத்தில் கலைத்த நூல்கண்டு மாதிரி இருக்கும். நீங்கள் நடைக்கூடத்துக்கு மாணவர்களை அழைத்துக்கொண்டு போய், ஒரு கோடியில் ஐந்து பேரை நிறுத்தி, ஆளுக்கொரு நிறத்தில் கயிறு கொடுப்பீர்கள். ஐந்து கயிறு நடந்து நடந்து மூன்றாகும், மூன்று பிரியும், பிரிந்தது மறுபடி சேரும், மறுகோடியில் தோளாகவும் முழங்கையாகவும் விரல்களாகவும் வேறு பிள்ளைகள் காத்திருப்பார்கள். ஒருமுறை சாவி அண்ணன் தேநீர்த் தட்டோடு குறுக்கே வந்து மாட்டிக்கொண்டார்.

"நான் இதுல எந்த நரம்புங்க?"

"நீங்க நரம்பு இல்ல. விபத்து" என்றீர்கள். உடனே மாணவர்கள் பக்கம் திரும்பி, "இந்தப் பின்னலோட மேல் தண்டை இவர் அறுத்துட்டார். இப்ப எந்தக் கை எப்படித் தொங்கும்? சொல்லுங்க" என்று கேட்டீர்கள். மறுகோடியில் தோளாக நின்ற பையன் தன் கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கையைப் பின்பக்கமாகத் திருப்பிக் காட்டினான். சரியான விடை. தேநீர் ஆறிப்போனது. அந்த ஆண்டு அந்தக் கேள்வியில் யாரும் தோற்கவில்லை.

உடலைத் திரையில் படமாகக் காட்டும் பெரிய மேசை வந்தபோது, நீங்கள் எதிர்ப்பீர்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நீங்கள்தான் முதல் ஆளாகப் போய் விரலால் தட்டி, தோலை நீக்கி, இதயத்தைச் சுழற்றிப் பார்த்து, குழந்தை மாதிரி மகிழ்ந்தீர்கள். "துணைக்கு வரட்டும். எத்தனை கண்ணு இருந்தாலும் நல்லதுதானே" என்றீர்கள். விற்க வந்தவர் உற்சாகமாகி, "ஒரே தட்டுல படம் அப்படியே வலது இடது மாறிடும் மேடம்" என்று செய்து காட்டினார். அப்புறம் அவர் கதி என்ன ஆனது என்பதை இங்கே விவரிக்க வேண்டாம். அந்தப் பொத்தானை மட்டும் இப்போது ஒட்டுத்தாள் போட்டு மூடி வைத்திருக்கிறோம்.

இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாத ஒன்றைச் சொல்லவே இந்த மடல். அதை முழுதாகச் சொல்ல உங்களிடம் அனுமதி கேட்டுவிட்டோம். 'கேட்டீங்களே, அதுவே போதும்' என்று நீங்கள் சொன்னதன் பொருள் இன்னும் சற்று நேரத்தில் எல்லோருக்கும் விளங்கும்.

உங்கள் முறைகளிலேயே முதன்மையானது, கத்தி தொடுவதற்கு முந்தைய நாளில் நடப்பது. கழுவித் துடைத்த ஒரு வெற்று மேசை. யாரும் இல்லாத எஃகு மேசை. புதிய மாணவர்கள் சுற்றி நிற்பார்கள். நீங்கள் சொல்வீர்கள்: "ஒருத்தர் ஒருத்தரா ஏறிப் படுங்க. மேல பாருங்க. இப்ப உங்க வலது கையைத் தூக்குங்க. நிக்கிறவங்க எல்லாரும் பார்த்துக்கங்க. இதுதான் வலது. இனிமே வேற வலது கிடையாது."

அவ்வளவுதான். ஆனால் அந்த மேசையில் படுத்த யாரும் அதை மறந்ததில்லை. புதிதாக வேலைக்குச் சேரும் ஆசிரியர்களுக்கும் விலக்கு இல்லை. எங்களில் ஒவ்வொருவரும் படுத்திருக்கிறோம். கடல் கடந்த கதைகளில் துடுப்பை விட்டுவிட்டுப் படகில் மல்லாந்து கிடப்பவனுக்கு, கரை மறந்துபோய் வானம் மட்டும் மிஞ்சும். அதைப் போல, அங்கே படுத்த கணத்தில் நாம் படித்தவர் என்பது மறந்துபோய், படிக்கப்படுகிறவர் என்பது மட்டும் மிஞ்சும். எழுந்து வந்த பிறகு கத்தியைப் பிடிக்கும் கை சற்று மெதுவாகிவிடும்.

இந்த ஆண்டு முதலாண்டு மாணவி ஒருத்தியும் படுத்தாள், கை தூக்கினாள், இறங்கினாள். ஒன்றும் சொல்லவில்லை. விடுமுறைக்கு வீட்டுக்குப் போனவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். மறு வாரமே அந்த அம்மா முதல்வர் அறைக்கு வந்துவிட்டார். தபால் நிலையத்தில் பொறுப்பான பதவியில் இருப்பவர். அழுகிற ஆள் அல்ல, கேள்வி கேட்கிற ஆள்.

முதல்வர் ஐயா, நீங்களும் இங்கேதான் அமர்ந்திருக்கிறீர்கள், அதனால் அளந்தே சொல்கிறோம். நீங்கள் சரியாகவே நடந்துகொண்டீர்கள். வழக்கத்தை அப்போதைக்கு நிறுத்திவைத்தீர்கள், விசாரணைக்கு நாள் குறித்தீர்கள். ஆனால் எங்களுக்கு உறக்கம் போய்விட்டது. தவறு என்று முடிவானால், ஓய்வுக்குச் சில மாதங்களே இருக்கையில், இவ்வளவு நெடிய பணியின் கடைசி வரி ஒரு கண்டனமாக அமைந்துவிடும். மேசையில் படுக்கும் வழக்கமும் இவரோடு இந்தக் கட்டிடத்தை விட்டு வெளியேறிவிடும்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. உங்களுக்காக வாதாட இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தோம். எலும்பு மருத்துவரின் சாட்சியம் தயார். மேற்கோள்கள் தயார். நெற்றியைச் சுருக்கும் தசைகளெல்லாம் தயார்.

அந்த அறையில் அந்த அம்மாதான் முதலில் பேசினார். பக்கத்தில் மகள், மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு.

"நான் ஒண்ணும் விவரம் தெரியாதவ இல்ல. டாக்டருக்குப் படிச்சா இதெல்லாம் பார்த்துத்தான் ஆகணும்னு தெரியும். பார்க்கட்டும், வெட்டட்டும், படிக்கட்டும். ஆனா பொணம் கிடக்கிற மேசையில எம்பொண்ணு ஏன் படுக்கணும்? அதுக்கா நான் இவளைப் பார்த்துப் பார்த்து வளர்த்தேன்?"

"அம்மா, மெதுவா."

"நீ சும்மா இருடி. வீட்டுக்கு வந்தா மல்லாந்து படுக்க மாட்டேங்கறே. ஏன்னு கேட்டா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கறே. நான் யார்கிட்ட போய்க் கேக்கிறது?"

எங்கள் ஆட்கள் இருவரும் வாயைத் திறந்தார்கள். நீங்கள் கையைச் சற்றே உயர்த்தித் தடுத்துவிட்டுச் சொன்னீர்கள்:

"அவங்க சொல்றது சரி."

எங்கள் இருவரின் கீழ்த்தாடைகளும், எந்த மூட்டில் பொருந்தியிருக்கும் என்று நீங்களே சொல்லிக்கொடுத்தீர்களோ, அந்த மூட்டிலிருந்து கழன்று தொங்கின.

"மேசைக்கு வர்றவங்க ஒவ்வொருத்தரும் உயிரோட இருக்கும்போதே, யோசிச்சு, சம்மதம் சொல்லிட்டுத்தான் வர்றாங்க. இறந்தவங்ககிட்ட எல்லாம் கேட்டிருக்கோம். உயிரோட முன்னாடி நிக்கிற பிள்ளைங்ககிட்ட நான் கேக்கல. படுங்கன்னு சொன்னேனே ஒழிய, படுக்கறீங்களான்னு ஒரு வருஷம்கூடக் கேட்டதில்ல. அது தப்புதான்."

சண்டைக்கு வந்தவருக்கு எதிராளி இல்லாமல் போனால் கைகளை எங்கே வைப்பது என்றே தெரியாது. அந்த அம்மா தன் கைப்பையைத் திறந்தார், மூடினார். முதல்வர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்ப இந்த வழக்கத்தையே நிறுத்திடலாம்னு…" என்று இழுத்தார்.

"நிறுத்தணும்னா நிறுத்திடலாம் சார்" என்றீர்கள். உங்கள் குரல் அப்படித் தாழ்ந்து நாங்கள் கேட்டதில்லை.

அப்போதுதான் அந்தப் பெண் தலையை நிமிர்த்தினாள்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? நீங்க அதுல படுத்திருக்கீங்களா?"

"ஏய்!" என்று அம்மா அவள் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தார். "மேடம்கிட்ட அப்படியா கேக்கிறது?" புகார் கொடுக்க வந்தவரே பதறிப்போய் உங்கள் பக்கம் சாய்ந்த அழகை நாங்கள் மறக்க மாட்டோம்.

"கேக்கட்டும்மா. நல்ல கேள்வி" என்றீர்கள். "இல்ல. படுத்ததில்ல. நான் படிச்ச காலத்துல இந்த வழக்கம் கிடையாது. நான்தான் ஆரம்பிச்சேன். ஆரம்பிச்சவளை யாரு படுக்கச் சொல்லப் போறாங்க? அதுவுமில்லாம…" மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். "எனக்குக் கொஞ்சம் பயம்."

எங்களுக்குத் தெரியாது அம்மா. யாருக்குமே தெரியாது. உங்கள் கணவரும் இதை இப்போதுதான் கேட்கிறார் என்பது அவர் புருவத்தைத் தூக்கும் தசையிலிருந்து தெரிகிறது.

"இப்ப படுத்துப் பார்க்கட்டுமா? நீ கேட்டுட்ட. அதனால" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு எழுந்து நடந்தீர்கள்.

நடைக்கூடத்தில் அந்த ஊர்வலத்தைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ! முன்னால் நீங்கள், பின்னால் மாணவி, அவள் பின்னால் அம்மா, அப்புறம் முதல்வர், அப்புறம் வாதாட வந்து ஒரு சொல்கூடப் பேசாத நாங்கள். சாவி அண்ணன் கதவைத் திறந்தார். அந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒரு காலை உள்ளே வைத்து, யோசித்து, மறு காலையும் வைத்தார். நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, மூக்குக்கண்ணாடியை அவரிடமே நீட்டினீர்கள். "இதைக் கொஞ்சம் பிடிங்கம்மா." அவரும் வாங்கிக்கொண்டார். வேறு என்ன செய்ய முடியும்?

முக்காலி மீது ஏறி, மேசையில் உட்கார்ந்து, மெல்லச் சாய்ந்தீர்கள்.

"ஐயோ, என்ன இப்படிச் சில்லுனு இருக்கு! இத்தனை வருஷமா ஒருத்தரும் சொல்லலியே!"

"சொல்லியிருந்தா, எஃகு பின்ன சுடவா செய்யும்னு கேட்டிருப்பீங்க மேடம்" என்றார் சாவி அண்ணன்.

"மேல அந்த விசிறி ஏன் அப்படி ஆடுது? விழுந்திடாதே?"

"அது ரொம்ப நாளா ஆடுதுங்க. நிக்கிறவங்களுக்குத் தெரியாது."

அந்தப் பெண் மேசையின் பக்கத்தில் வந்து நின்றாள். நீங்கள் எப்போதும் நிற்கும் அதே இடம். குரல் அவளுடையது, சொற்கள் உங்களுடையவை. "மேடம், மேல பாருங்க. இப்ப உங்க வலது கையைத் தூக்குங்க."

நீங்கள் தூக்கினீர்கள். இடது கையை.

வாழ்நாள் முழுவதும் எதிரே நின்று நின்று, தெரிவதைத் திருப்பிப் போடு, திருப்பிப் போடு என்று உங்களுக்கு நீங்களே சொல்லிச் சொல்லி, அது எலும்புக்குள் இறங்கிவிட்டிருந்தது. படுத்த பிறகும் பழக்கம் விடாமல் உங்களையே திருப்பிப் போட்டுவிட்டீர்கள். முதல்வர் தரையைப் பார்த்தார். நாங்கள் விசிறியைப் பார்த்தோம். அந்தப் பெண் மட்டும், தயங்கித் தயங்கி, மிக மரியாதையாகக் கேட்டாள்:

"யாரோட வலது மேடம்?"

தூக்கிய கையை நீங்கள் பார்த்தீர்கள். பிறகு சிரித்தீர்களே ஒரு சிரிப்பு! மேசை அதிர்ந்து அதன் சக்கரம் கிரீச்சிட்டது. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அம்மா, ஒரு கையில் உங்கள் கண்ணாடியும் மறுகையில் கைக்குட்டையுமாக, மூக்கைப் பொத்துவதா கண்ணைத் துடைப்பதா என்று தெரியாமல் சிரித்தார். அந்த அறையில் அப்படி ஒரு சத்தம் அதற்கு முன் எழுந்ததில்லை. அங்கே இருந்த மற்றவர்களுக்கும் அது பிடித்திருக்கும் என்றே நம்புகிறோம்.

சிரிப்பு அடங்கிய பிறகும் நீங்கள் உடனே எழவில்லை. வலது கையை, உங்களுடைய வலது கையை, மெதுவாகத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: "நீங்க எல்லாரும் எவ்வளவு உயரமாத் தெரியறீங்க. குனிஞ்சு குனிஞ்சு உங்களுக்குள்ளயே பேசிக்கறீங்க. படுத்திருக்கிறவகிட்ட ஒருத்தரும் பேசல. இந்தப் பொண்ணு ஒருத்திதான் பேசினா."

இறங்குவதற்குக் கை கொடுத்தது அந்த அம்மாதான். கண்ணாடியைத் தன் கைக்குட்டையால் துடைத்து உங்களிடம் தந்துவிட்டு, "எனக்கு இது இன்னும் பிடிக்கல மேடம். பிடிச்சிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனா நீங்களும் பொய் சொல்லல. இனிமே கேட்டுட்டுச் செய்யுங்க. அப்புறம், ஒரு துணியாவது விரிங்க. துணி விரிச்சா உங்க படிப்பு குறைஞ்சா போயிடும்?"

முதல்வர், "இதுல விசாரிக்க இனிமே என்ன இருக்கு?" என்றார். அவர் சொன்ன சிறந்த வாக்கியங்களில் ஒன்று என்று இத்துறை கருதுகிறது.

கண்டனம் எதுவும் வரவில்லை. வழக்கமும் நின்றுவிடவில்லை, மாறியது. இப்போது நீங்கள் "படுங்க" என்று சொல்வதில்லை, "படுத்துப் பார்க்கறீங்களா?" என்று கேட்கிறீர்கள். வேண்டாம் என்பவர்கள் படுப்பவரின் தலைமாட்டில் நின்று அவரோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும், அதுவும் பாடமே. விசிறியை இறுக்கியாயிற்று. மேசையில் கனமான பருத்தித் துணி விரித்தாயிற்று. அதற்கு மாணவர்கள் 'அம்மா துணி' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

அந்தத் துணி படுத்துப் பார்க்கும் மாணவர்களுக்கு மட்டும்தான் என்று நாங்கள் நினைத்தோம். மறுநாள் நீங்கள் சாவி அண்ணனிடம், "அவங்களுக்கும் விரிங்க" என்றீர்கள். எல்லா மேசைகளிலும்.

"மருந்துத் தண்ணி பட்டு ஊறிடும் மேடம். தினம் துவைக்கணும்."

"துவைப்போம்."

"அவங்களுக்குக் குளிருமா மேடம்?"

"குளிராது. நமக்குத் தெரியுமில்ல, அது சில்லுனு இருக்கும்னு."

இன்றுவரை துணிகளைச் சாவி அண்ணனே கணக்குப் பார்த்துக் காயப்போடுகிறார், நாங்கள் மடித்துக் கொடுத்தால் மறுபடி பிரித்து மடிக்கிறார்.

அந்தப் பெண்ணிடம், இப்போது மல்லாந்து உறக்கம் வருகிறதா என்று கேட்டோம். "சில நாள் மல்லாந்து, சில நாள் ஒருக்களிச்சு. படுத்ததும் மேல விசிறி ஆடுதான்னு பார்த்துக்கறேன்" என்றாள். இன்று உங்களுக்குப் பூச்செண்டு கொடுக்கப் போவது அவள்தான். அதோ கதவருகே நிற்கிறாள். பக்கத்தில் அவள் அம்மா. கைக்குட்டையை இன்னும் மூக்கிலிருந்து எடுக்கவில்லை.

எங்கள் அன்புத் தலைவியே! ஓய்வு பெறும் நாளில் ஆசிரியர்கள் வழக்கமாகத் தாங்கள் கற்பித்ததை எண்ணிப் பெருமைப்படுவார்கள். நீங்களோ கடைசி ஆண்டில், உங்கள் முறையை நீங்களே மேசைமேல் கிடத்தி, எங்கள் எல்லோர் முன்னிலையிலும் திறந்து பார்த்தீர்கள். உள்ளே ஒரு பிழை இருந்தது. அதைச் சரிசெய்து தைத்துவிட்டுப் போகிறீர்கள். இதைவிட நல்ல பாடம் ஒன்றை நாங்கள் இந்த அறையில் கற்கவில்லை.

இனி ஒரு செய்தி. விழாவுக்கு அழைக்கப் போன நாளில் உங்கள் கணவர் அதையும் சொல்லிவிட்டார். "எனக்கப்புறம் என் உடம்பு நேரா காலேஜுக்குத்தான்னு சொல்லிட்டா. சரி, நான் வந்து எங்க பார்க்கிறதுன்னு கேட்டேன். விசிட்டிங் டைம் என்னன்னு கேட்டுச் சொல்றேன்னா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு சிரிக்காமல் சற்று நேரம் கடையின் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஐயா, உங்கள் கேள்விக்கு இந்தத் துறையின் விடை இதுதான். பார்வை நேரம் எப்போதும். சாவியும் உண்டு.

நீண்ட ஆயுளோடும் நிறைந்த நலத்தோடும் நீங்கள் வாழ வேண்டும் என்று வாழ்த்துவது இத்தகைய மடல்களின் மரபு. பிற துறைகளில் அது மரியாதைச் சொல். எங்களுக்கோ அது உயிரான வேண்டுகோள். ஏனென்றால் நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே அம்மா, அவசரமே வேண்டாம். உங்கள் கணவரோடு காரில் போய், எல்லா ஊர்களிலும் எல்லாக் கடைகளின் வலது பக்கமும் திரும்புங்கள். பிற்பகலில் தூங்குங்கள். எந்தத் தசையின் பெயரையும் மறக்க உங்களுக்கு உரிமை உண்டு. எங்களில் கடைசி ஆள் ஓய்வு பெற்று, எங்களுக்குப் பின் வருபவர்களுக்கும் தலை நரைத்து, இன்னும் பிறக்காத ஒரு பிள்ளை முதலாண்டு மாணவியாக அந்த அறைக்குள் பயந்துகொண்டே காலெடுத்து வைக்கும்வரை, அந்த மேசை காலியாகவே காத்திருக்கட்டும்.

அந்த நாளில் அங்கே துணி விரித்திருக்கும். விசிறி ஆடாது. அந்தப் பிள்ளை உங்களை 'அது' என்று சொல்ல மாட்டாள். உங்களிடம் பேசுவாள். உங்கள் பக்கத்தில் நின்று, தன் கைகளை ஒருமுறை பார்த்து, உங்களைப் பார்த்து, உங்கள் வலது கையை உங்கள் வலது கை என்றே சரியாகச் சொல்வாள்.

அதுவரை வாழ்க! வெகுகாலம் வாழ்க!

உங்கள் வலது பக்கத்திலும் இடது பக்கத்திலும்
(உங்களுடைய வலதும் இடதும்தான்)
என்றும் நிற்கும்
உடற்கூறியல் துறையினர்